அப்பாவுக்குப் படித்துக் காட்டாத கட்டுரை

தக்காளியை அப்பா கண்ணை நம்பி வாங்கியதில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காம்புப் பக்கம் கட்டை விரலால் லேசாக அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் நீட்டுவார். "பாப்பா, இது இன்னா கலரு, சொல்லு பாப்போம்" என்பார். "செவப்பு" என்பேன். "இது?" "பாதி பச்சப்பா." பச்சையைத் திரும்பக் குவியலில் போட்டுவிட்டு என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டுவார். ஹடப்சர் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இது தவறாமல் நடக்கும். காய்க்காரம்மாள் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். ஆறு வயதுப் பெண்ணுக்கு அப்பா கலர் சொல்லிக்கொடுப்பது உலக வழக்கம்தான். எனக்குப் பதினாறு வயதான பிறகும் அவர் கேட்டுக்கொண்டிருந்தாரே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த பெருமையிலேயே வளர்ந்துவிட்டேன்.

அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து இருபது வயதில் பூனாவுக்கு வந்தவர். நகரத்தின் பேர் மாறி எத்தனையோ வருடமாகியும் அவருக்கு அது கடைசிவரை பூனாதான். வண்டிகளுக்கும் இயந்திரங்களுக்கும் வேண்டிய ஒயர்க் கட்டுகளைச் செய்து தரும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஆணி அடித்த பெரிய பலகை ஒன்றின் மேல் நாற்பது ஐம்பது ஒயர்களை அதனதன் பாதையில் இழுத்து, முனைகளில் பித்தளை மாட்டி, நூலால் கட்டி முடிக்க வேண்டும். எந்த முனையில் எந்த நிறம் என்பதுதான் அந்த வேலையின் உயிர். ஒன்று மாறினால் வண்டியில் விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஹாரன் அடிக்கும். அப்பாவின் பலகையிலிருந்து போன ஒரு கட்டுகூடத் திரும்பி வந்ததில்லை என்று தொழிற்சாலையில் பேச்சு. பக்கத்துப் பலகையில் இருந்தவர் ஆம்பூர்க்காரர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வருவார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் என்பதால் நான் அவரைப் பெஞ்சு மாமா என்று கூப்பிட்டேன். அவர் அப்பாவை அண்ணா என்பார்.

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிகிற சமயத்தில், அப்பா எண்களை முணுமுணுப்பார். குளிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் அதே இருபது இருபத்தைந்து எண்கள், அதே வரிசையில். அது ஏதோ மந்திரம் என்று சின்ன வயதில் நினைத்தேன். கொஞ்சம் வளர்ந்ததும் லாட்டரி என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டபோது, "உங்கப்பாவுக்கு ஒரு வேண்டுதல்" என்று முடித்துக்கொண்டாள். ஒரு வாரம் போனால் முணுமுணுப்பு நின்றுவிடும். அன்று சாயங்காலம் ஜிலேபி வாங்கி வருவார். எனக்கு ஜிலேபி வந்தால் போதும், வேண்டுதல் எந்தச் சாமிக்கு என்று கேட்டதில்லை. கேட்டுக் கேட்டு அந்த எண்கள் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டன.

கல்லூரியில் நான் ஆங்கில இலக்கியம் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வது கொஞ்சம் மிகை. வேறு பிரிவில் இடம் கிடைக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்கள். எனக்கோ வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி கலந்த ஆங்கிலம். எல்லா மொழியிலும் கால் வைத்தேன், எதிலும் உட்காரவில்லை. இரண்டாம் வருடம் எங்களுக்கு வந்த மேடம் ஒரு தடித்த நாவலை வைத்து வகுப்பெடுத்தார். அறுநூறு பக்கம். ஒரு வீட்டில் ஒரு மத்தியானம் ஒரு விருந்து நடக்கிறது. அங்கே இருந்த ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக அந்த ஒரே மத்தியானத்தைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு மஞ்சளாகத் தெரிந்த திரைச்சீலை இன்னொருவருக்குச் சாம்பல். யார் கண்டது உண்மை என்று கடைசிவரை சொல்வதில்லை. வாரம் ஒரு கட்டுரை எழுத வேண்டும். கதைச்சுருக்கம் கூடாது, விமரிசகர்கள் சொன்னது கூடாது, படித்தபோது உனக்குள் என்ன நடந்தது என்று மட்டும் எழுது என்பார் மேடம். எனக்குள் தூக்கம்தான் நடந்தது. முதல் வாரம், அந்த வீட்டில் துணி துவைக்கிறவள் வாயைத் திறந்திருந்தால் புத்தகம் பத்துப் பக்கத்தில் முடிந்திருக்கும் என்று எழுதினேன். ஓரத்தில் மேடம், கோபம் நல்லது, ஆனால் கோபம் மட்டும் போதாது என்று எழுதித் திருப்பித் தந்தார். மதிப்பெண் ஐந்துக்கு மேல் ஏறவே இல்லை. இப்படியே போனால் தேறமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. தேறாவிட்டால் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அப்பாவின் கம்பெனி தரும் படிப்பு உதவி நின்றுவிடும்.

அந்த நாவலின் பாதியில் ஒரு நாள், ஆளுக்கு ஆள் நிறம் எப்படி வேறாகத் தெரியும் என்று காட்டுவதற்காக மேடம் திரையில் சில படங்களைப் போட்டார். ஒரு வட்டம், அதற்குள் சின்னதும் பெரியதுமாக நிறைய வண்ணப் புள்ளிகள். சரியாக நிறம் தெரிகிறவர்களுக்கு அந்தப் புள்ளிகளுக்குள் ஓர் எண் தெரியும். தெரியாதவர்களுக்கு வெறும் புள்ளிகள். வகுப்பே சேர்ந்து எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தது. நான்காவது படம் வருவதற்கு முன்பே எனக்கு அந்த எண் தெரிந்திருந்தது. ஐந்தாவதும் தெரிந்திருந்தது. அதற்குமேல் நான் திரையைப் பார்க்கவில்லை, குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு எண்களைச் சொன்னேன், பின்னாலேயே வகுப்பு சொன்னது. அப்பாவின் வேண்டுதல் இந்தப் படங்களுக்குத்தான்.

அன்று மாலை அம்மாவைச் சமையலறையில் மடக்கிக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள். அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒரே மண் நிறம், பிறவியிலிருந்தே. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கண் பரிசோதனை கிடையாது. பிறகு சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிகள் வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழ் வேண்டும் என்றன. பெஞ்சு மாமாதான் பரிசோதனையில் காட்டும் புள்ளிப் படப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து எண்களைப் பக்கவாரியாகச் சொல்லிக்கொடுத்தார். பலகையில் எப்படிச் சமாளித்தார் என்றால், தினமும் காலையில் ஒயர் உருளைகளை மாமா ஒரே வரிசையில் அடுக்கி வைப்பார். அப்பாவுக்கு நிறம் என்றால் இடம். இடமிருந்து மூன்றாவது சிவப்பு, ஏழாவது பச்சை. கட்டி முடித்த பிறகு, இரண்டு முனையும் ஒரே ஒயராக இருந்தால் ஒலிக்கும் பஸ்ஸரை வைத்து முனைக்கு முனை இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் ஒருமுறைதான் பார்ப்பார்கள். அவர் பலகையிலிருந்து போனது எதுவும் திரும்பி வராததற்குக் காரணம் இதுதான். "வெளிய மூச்சு விடாத. சோத்துல மண்ணு விழுந்துடும்" என்றாள் அம்மா. விடமாட்டேன் என்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லாவுக்குப் போனோம். அணைக்கரையில் சுட்ட சோளம் தின்றுகொண்டு சூரியன் இறங்குவதைப் பார்ப்பது பூனாக்காரர்களின் வழக்கம். கரை நெடுக ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "எப்பிடிக்கீது பாப்பா?" என்று அப்பா கேட்டார். "செவப்பாப்பா. கொஞ்சம் ஆரஞ்சும் இருக்கு" என்றேன். "ஆமாமா, நல்ல செவப்பு" என்று தலையை ஆட்டினார். நான் தெரிந்துகொண்ட பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது. அன்று இன்னொன்றும் நடந்தது. எதிர்ப்பக்கக் குன்றைக் காட்டி, "தோ பாரு, எட்டு பேரு ஏறுறாங்க" என்றார் அப்பா. எனக்கும் அம்மாவுக்கும் புதர்தான் தெரிந்தது. அவர் விரலின் நேருக்கே பார்த்தும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அந்த எட்டுப் பேரும் மொட்டைப் பாறை மேல் ஏறி நின்றார்கள். ராணுவப் பயிற்சிப் பையன்கள், இலையும் மண்ணும் கலந்த நிறத்தில் உடுப்பு. பச்சை என்று நாங்கள் ஏமாந்த இடத்தில், பச்சை என்பதே தெரியாத அப்பா ஆட்களைப் பார்த்திருந்தார். "உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று எங்களைக் கேலி செய்துகொண்டே சோளத்தைக் கடித்தார்.

அந்த வாரம் எழுதிய கட்டுரைக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. ஒரே உட்காரலில் எட்டுப் பக்கம் வந்தது. ஏழு பேர் பார்த்த திரைச்சீலையில் தொடங்கி, தக்காளிக்கு வந்து, முணுமுணுத்த எண்களுக்கு வந்து, ஒரு நண்பர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல அதை மனப்பாடம் செய்து ஒருவர் இருபத்தைந்து வருடம் பரிசோதனையில் தேறியதைச் சொல்லி, அணைக்கரையில் சிவப்பென்று நான் சொன்னதை அவர் ஆமோதித்ததில் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் அது வெளியே சொன்னதாக ஆகாது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், அப்பாவின் பலகையைச் சுற்றி, ஆங்கிலம் படிக்கிறவர் யாரும் கிடையாது. சுவருக்கும் காது உண்டு, ஆனால் அந்தச் சுவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது என் கணக்கு. எட்டுப் பேரைப் பற்றி எழுதவில்லை. மறந்து விடவில்லை. எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அப்பாவுக்குத் தெரியாததைப் பற்றிய கட்டுரையில் அப்பா பார்த்தது உறுத்தலாக இருந்தது, அடித்துவிட்டேன். இன்றைக்கு அந்தக் கட்டுரையில் என்னால் மன்னிக்க முடியாத வரி அந்த அடித்த வரிதான்.

கடைசி வரியை மட்டும் மூன்று முறை மாற்றி எழுதினேன். உலகத்தில் உள்ள எல்லா நிறத்தின் பெயரையும் என் அப்பா என்னிடம் கேட்டிருக்கிறார், ஆனால் என்னைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தெரிகிறது என்பது எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. இதுதான் அது. மேடம் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். பத்துக்கு ஒன்பது. வகுப்பில் உரக்கப் படித்தார். வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இதைக் கல்லூரி ஆண்டு மலருக்குக் கொடுக்கலாமா என்று மேடம் கேட்டபோது, ஒரு நொடி அம்மாவின் முகம் வந்து போனது. கொடுங்கள் என்றேன். அந்த மகிழ்ச்சியை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ என்னைக் கெட்டிக்காரி என்றார்கள், நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

மலர் அச்சாகி வந்த அன்று அப்பா கை கழுவிவிட்டு வந்து அதை வாங்கிப் பார்த்தார். என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பெயருக்குக் கீழே விரலை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். "இன்னாத்தப் பத்திமா எழுதியிருக்க?" என்று கேட்டார். எனக்கு அப்போது தமிழ் வரும், கறிவேப்பிலை வாங்கவும் சண்டை போடவும். பார்வையைப் பற்றியும் உண்மையைப் பற்றியும் தமிழில் எப்படிப் பேசுவது என்று தெரியாது. அது ஒரு சாக்கு. நிஜமான காரணம் பயம். "உங்களப் பத்திதாம்பா. நல்லதாத்தான் எழுதிக்கிறேன்" என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். "பாத்தியா, நம்மளப் பத்தி இங்கிலீஷுல" என்றார். அம்மாவின் பார்வை என் மேல் விழுந்தது. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மறுநாள் காலை அப்பா சாப்பாட்டு டப்பாவை வைத்த பையில் அந்த மலரையும் வைத்தார். எண்ணெய் படாமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேடி எடுத்தார். நான் பல் தேய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். கொண்டுபோகாதீர்கள் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், உங்கள் ரகசியத்தை எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் எவன் எட்டுப் பக்க ஆங்கிலத்தைப் படிக்கப்போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன் பாப்பா" என்றார். வாய் நிறைய நுரையோடு தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் மலரைத் திருப்பிக் கொண்டுவந்து அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "எல்லாரும் பாத்தாங்க" என்றார். மூன்று நாளில் எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. நான்காம் நாள் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார், காபி வேண்டாம் என்றார். இரண்டு வாரம் கழித்து, பலகையில் குனிந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிறது, பேக்கிங் பக்கம் மாற்றிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார். இருபத்தைந்து வருடம் நூலைவிட மெல்லிய ஒயரைப் பிடித்த விரல்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்த விரல்கள் எதையாவது முறுக்கிக்கொண்டே இருந்தன, செய்தித்தாளின் ஓரத்தையோ லுங்கியின் நூலையோ.

முதுகு வலி என்று ஒருநாளும் அவர் தைலம் தேய்த்துப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வருடம் மழை முடிந்தபோது வீட்டில் யாரும் எண்களை முணுமுணுக்கவில்லை. ஜிலேபியும் வரவில்லை. அதைவிட, அப்பா என்னிடம் நிறம் கேட்பதை நிறுத்திவிட்டார். மார்க்கெட்டில் தக்காளியைக் காய்க்காரம்மாளிடமே நீட்டி, "பக்கா ஹை க்யா?" என்று, பழுத்ததா என இந்தியில் கேட்டார். நான் பக்கத்தில்தான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கேட்க நா எழவில்லை. ஊமை கண்ட கனவு மாதிரி அது எனக்குள்ளேயே கிடந்தது. கல்லூரியில் மிச்ச நாவலுக்கு நான் எழுதிய கட்டுரைகளில் நான் இல்லை. நூலகத்தில் விமரிசகர்களைத் தேடிப் பிடித்து அவர்கள் சொன்னதை எழுதினேன். உனக்கு என்ன ஆயிற்று என்று மேடம் கேட்டார். ஒன்றுமில்லை மேடம் என்றேன். ஒருவர் பார்ப்பது இன்னொருவருக்குத் தெரியாது என்று வகுப்பில் அழகாகப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கோ அப்பா என்னைப் பார்க்காமல் தக்காளியைப் பார்த்தது நன்றாகவே தெரிந்தது.

காலம் நிற்கவில்லை. எனக்கு மகர்பட்டாவில் வேலை கிடைத்தது. செயலிகளின் திரைகளைப் பார்த்துக் குறை சொல்கிற வேலை. கோந்த்வாவில் ஒரு வீடு வாங்கி அப்பா அம்மாவோடு அங்கேயே இருந்தேன். ஒருமுறை அலுவலகத்தில், தப்பு என்பதைச் சிவப்பால் மட்டும் காட்டாதீர்கள், பயனர்களில் சிலருக்கு அது தெரியாது, பக்கத்தில் ஓர் அடையாளமும் போடுங்கள் என்று எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு சின்ன முக்கோணத்தைப் போட்டால் காரியம் முடிந்தது. அன்று கழிவறையில் போய் நின்று அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். அவர் போனில் தமிழ்ச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். குடித்தேன். தமிழை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். அவர் படிக்கக்கூடிய மொழியில் என்றாவது எழுதித் தந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. சொல்ல முடியாதவர்கள் எழுதலாம் அல்லவா. ஆரம்பித்து ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஒரு மத்தியானம், சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவர் அங்கேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெஞ்சு மாமா வந்திருந்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், காது கொஞ்சம் மந்தம். பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பால்கனியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முதுகு வலி உண்மையா மாமா என்று கேட்டேன். பத்து வருடமாகக் கேட்காததை, கேட்டால் பதில் சொல்ல அவர் இல்லாதபோது கேட்டேன். மாமா என்னையே பார்த்தார். "உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றும் தெரியாது என்றும் இரண்டு விதமாகவும் தலையை ஆட்டினேன். அவர் சொன்னார்.

அந்த மலரை அப்பா ஆங்கிலம் தெரியாத பலகைக்காரர்களிடம் மட்டும் காட்டவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஆபீசுக்குப் போயிருக்கிறார். தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கு வருடாவருடம் கையெழுத்துப் போடும் அதிகாரியிடம் கொடுத்து, உங்கள் கையெழுத்தால் படித்த பெண் எழுதியது, படித்துவிட்டுக் கொடுங்கள் சாப் என்று நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சாயங்காலம் ஒருவன் மலரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். மூன்று நாள் கழித்து அதிகாரி அப்பாவையும், பக்கத்துப் பலகைக்காரர் என்பதால் மாமாவையும் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசை மேல் அந்த எட்டுப் பக்கத்தின் நகல் இருந்தது.

"கெட்ட ஆளு இல்லமா அந்த ஆபீசரு" என்றார் மாமா. "ஒக்கார வச்சி, வரி வரியா இந்தில சொன்னாரு. உங்கப்பா அப்பதான் முதல் தடவ கேக்குறாரு, நீ இன்னா எழுதுனன்னு. தக்காளி வந்துச்சி, டேம் வந்துச்சி, அந்த நம்பரு வந்துச்சி. எனக்கு வேர்த்துக் கொட்டுது. இவரு ஆடாம அசையாம கேட்டுக்கினு இருந்தாரு. சொல்லிக்குடுத்த ஆளு யாருன்னு ஆபீசரு கேட்டாரு. அவன் வேலைய விட்டு ஊருக்குப் போயி ரொம்ப வருசமாச்சி சாப்புன்னுட்டாரு. நான் பக்கத்துலயேதான் ஒக்காந்துக்கினு கீறேன்."

அதிகாரிக்கும் இதை வளர்க்க விருப்பமில்லை என்று மாமா சொன்னார். படிப்பதை நிறுத்திவிட்டு, இது கதைதானே, கல்லூரிப் பெண் ஏதோ கற்பனையாக எழுதியிருப்பாள், அப்படித்தானே என்று அவரே எடுத்துக்கொடுத்திருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். மாமா மேசைக்கடியில் அப்பாவின் காலை மிதித்திருக்கிறார். "கஹானி நஹி ஹை சாப். மேரி பேட்டி ஜூட் நஹி லிக்தி" என்றாராம் அப்பா. கதை இல்லை, என் பெண் பொய் எழுதமாட்டாள். என்னைக் காப்பாற்ற ஒரு பொய்யும் மாமாவைக் காப்பாற்ற ஒரு பொய்யும் சொன்ன மனுஷர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிடைத்த பொய்யைத் தொடவில்லை. தொட்டால் நான் பொய் சொன்னவளாக ஆகிவிடுவேன். பிறகு, மிச்சத்தையும் படியுங்கள் சாப் என்று கேட்டிருக்கிறார். அதிகாரி கடைசி வரிவரை படித்துச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து வேறொரு புள்ளிப் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை. தெரியாது சாப் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாராம்.

வெளியே வந்து இருவரும் குழாயடியில் நின்றார்கள். மாமாவுக்கு என் மேல் ஆத்திரம். பெத்த பொண்ணே இப்பிடிப் பண்ணலாமா அண்ணா என்று கேட்டிருக்கிறார். அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு, அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது, பயந்துபோய் எழுதுவதை நிறுத்திவிடுவாள் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதானா மாமா, வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"கடைசியா ஒண்ணு எழுதியிருந்தியாமே, அவரு ஒன்னப் பாக்கும்போது அவருக்கு இன்னா தெரியுதுன்னு ஒனக்குத் தெரியவே போறது இல்லன்னு. அதுக்குத்தான் கொஞ்சம் கலங்கிட்டாரு. 'எங்கிட்டயே கேட்டிருக்கலாமேடா, நான் சொல்லியிருப்பேனே'ன்னாரு."

அதற்குப் பிறகு பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கேட்கவில்லை.